36 பேர் பணி செய்த வீடு



டிசம்பர் 3, அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாள். 1992-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை இந்நாளை அறிவித்தது. திருவருகைக் காலம் தொடங்கும் வேளையில் இது வருகிறது. அதையொட்டி, மாற்றுத்திறனாளிகளோடு குழுவாகப் பணியாற்றும் நீங்கள் எல்லாரும் இன்று இத்திருப்பலியில் கூடியிருக்கிறீர்கள். இல்லங்களில் உழைக்கும் அருள்சகோதரிகள், செவிலியர், பிசியோதெரபி பயிற்சியாளர், சிறப்புப் பள்ளி ஆசிரியர், ஆயாக்கள், வேன் ஓட்டுநர், வின்சென்ட் தே பவுல் சபையார், பெற்றோர் என்று பல பேரை இங்கே பார்க்கிறேன். உங்களைப் பாராட்டிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். பாராட்டுக்கு நீங்கள் தகுதியானவர்கள்தாம். ஆனால் இறைவார்த்தை நம்மைத் தட்டிக்கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, கேள்வியும் கேட்கும். அந்தக் கேள்வியைச் சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் மெபிபொசேத்து நம்மிடம் கேட்கிறார்.

இவர் சவுல் அரசரின் பேரன், யோனத்தானின் மகன். ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது, தாத்தாவும் தந்தையும் போரில் மாண்ட செய்தி வருகிறது. செவிலித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஓடுகிற அவசரத்தில் பிள்ளை கீழே விழுந்து இரு கால்களும் முடமாகிவிடுகின்றன. காப்பாற்றத் தூக்கிய கையிலிருந்துதான் பிள்ளை விழுந்தது. அந்தச் செவிலித்தாயை விவிலியம் ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. நாமும் பழிக்க வேண்டாம். ஆனால் அவரிடம் ஒன்று கற்றுக்கொள்ளலாம். அவர் தனி ஆளாக இருந்தார், அவசரத்தில் இருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரை மாற்றுகிற உங்களுக்கு இது தெரியும். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் பிடித்தால், எவ்வளவு அன்பு இருந்தாலும் விபத்து நேரும். துணைக்கு ஒருவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

ஆண்டுகள் கடக்கின்றன. தாவீது அரசராகிவிட்டார். நண்பர் யோனத்தானை நினைத்து, அந்தக் குடும்பத்தில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று விசாரிக்கிறார். சவுல் வீட்டுப் பணியாளர் சீபா பதில் சொல்கிறார்: யோனத்தானுக்கு ஒரு மகன் இருக்கிறார், இரு கால்களும் ஊனம். கவனியுங்கள், சீபா பெயரைச் சொல்லவில்லை. ஊனத்தைச் சொல்கிறார், அதோடு நிறுத்திக்கொள்கிறார். லோதபார் என்ற ஊரிலிருந்து அந்த மகன் வந்து வணங்கியபோது தாவீதுதான் முதலில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பாட்டனாரின் நிலம் முழுவதையும் திருப்பித் தருகிறார். அரசரின் பந்தியில் என்றும் இடம் உண்டு என்கிறார். அந்த நிலத்தை உழுது விளைவிக்கும் பொறுப்பைச் சீபாவிடம் ஒப்படைக்கிறார். சீபாவுக்குப் புதல்வர் 15 பேர், பணியாளர் 20 பேர். அவரையும் சேர்த்தால் 36 பேர். ஒரு மாற்றுத்திறனாளிக்கு 36 பேர்! நம் மறைமாவட்டத்தில் எந்த இல்லத்துக்கும் இப்படி ஆள்பலம் கிடையாது.

இவ்வளவு பேர் இருந்தும் என்ன நடந்தது? தாவீதின் மகன் அப்சலோம் கலகம் செய்கிறான். தாவீது எருசலேமைவிட்டு ஓடுகிறார். மெபிபொசேத்து அரசரோடு போக விரும்புகிறார். அதற்கு அவருக்கு வேண்டியது ஒரு கழுதை. ஆனால் அவர் வீட்டிலேயே விடப்படுகிறார். சீபா சேணமிட்ட கழுதைகளோடு, 200 அப்பங்களும் பழங்களும் திராட்சை மதுவும் ஏற்றிக்கொண்டு தாவீதை வழியில் சந்திக்கிறார். உன் தலைவர் எங்கே என்று அரசர் கேட்க, அவர் அரியணைக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டார் என்று சீபா சொல்லிவிடுகிறார். தாவீதும் அதை நம்பி, மெபிபொசேத்தின் சொத்து முழுவதையும் அந்த இடத்திலேயே சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறார். பந்தியில் இடம் கொடுத்த அதே தாவீது! நல்லவர்தான், நன்மை செய்தவர்தான். ஆனால் தீர்ப்புச் சொல்லும்முன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கலகம் அடங்கித் தாவீது திரும்பி வருகிறார். எதிர்கொள்ள வந்த மெபிபொசேத்தின் கோலத்தை நூலாசிரியர் நமக்குக் காட்டுகிறார். அரசர் போன நாள் முதல் அவர் கால்களைப் பேணவில்லை, தாடியைத் திருத்தவில்லை, உடையைத் துவைக்கவில்லை. பணியாளர் என்னை ஏமாற்றினார், என்னைப்பற்றிப் பொய் சொன்னார் என்று அப்போதுதான் அவரால் சொல்ல முடிகிறது. கேட்ட பிறகும் தாவீது முழு நீதி வழங்கவில்லை; நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும், அரசர் நலமாக வந்ததே போதும் என்கிறார் மெபிபொசேத்து. இந்தக் கதையில் பெருந்தன்மையால் எல்லாரையும்விட உயர்ந்து நிற்பவர், 36 பேர் பணிவிடை செய்ய வேண்டியிருந்த அந்த மனிதர்தான்.

அன்புக்குரியவர்களே, குழுவின் அளவைக் கடவுள் பார்ப்பதில்லை. யாருக்காகக் குழு இருக்கிறதோ அவருடைய விருப்பம் நிறைவேறியதா, அவருடைய குரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் பார்க்கிறார். இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுதான்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். 36 எங்கே, 4 எங்கே! அவர்களுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் பேசியதாக ஒரு சொல்லும் மாற்கில் இல்லை. வாசலில் கூட்டம் அடைத்திருந்தபோது, கூட்டம் கலையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரை வெளியே கிடத்தவில்லை. கூரையைப் பிரித்தார்கள். மேலேயிருந்து ஒரு படுக்கையை இறக்குவது எளிதன்று. நான்கு பேரும் ஒரே வேகத்தில் இறக்க வேண்டும். ஒருவர் தம் பலத்தைக் காட்டி முந்தினாலும், ஒருவர் சலித்துப் பின்தங்கினாலும் படுக்கை சரிந்து அதில் இருப்பவர்தான் விழுவார். இறக்கிய பிறகு அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.  இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார், ஆனால் பேசியது படுத்திருந்தவரிடம். அவர் எழுந்து தம் படுக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். சுமந்தவர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. நம்மை இனி அவர் தேடமாட்டாரே என்று அவர்கள் வருந்தியிருப்பார்களா?

நம்மில் சிலருக்கு அந்த வருத்தம் வருகிறது. தானே சாப்பிடப் பழகுகிற பிள்ளைக்கு நேரமாகிறது என்று நாம் ஊட்டிவிடுகிறோம். தானே பேருந்தில் போய்வரத் துணிந்த இளைஞரை, ஏதாவது ஆகிவிடும் என்று தடுக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த அன்பு அவரை நம் கைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்று பலரும் நினைத்திருக்கக்கூடும். அவரோடு பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமே என்று வழிகாட்டினார். கை அறுவை சிகிச்சை உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. தாங்கப்பட்டவர், தாங்குகிற குழுவுக்கே தலைவரானார். நம் குழுக்களில் அப்படி ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா?

அத்தகைய மறுவாழ்வு நிலையங்களில் குழுப்பணி என்றால் என்னவென்று நன்றாகப் புரியும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் பெரும்பாலும் அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. ஒரே பக்கமாகப் படுத்தால் அழுத்துவது தெரியாது, வலிக்காது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மாறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் பெரிய டாக்டர் இல்லை. காலையில் உடம்பு துடைத்துவிடுகிற ஆயாதான். அவர் சொல்லத் தயங்கினால், சொன்னதைச் செவிலியர் காதில் வாங்காவிட்டால், செவிலியர் அடுத்த ஷிப்டுக்குச் சொல்ல மறந்தால், சிறிய சிவப்பு ஆறாத புண்ணாகிவிடும். நோயாளி மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க நேரும். உடலின் வலுவற்ற உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதினார். அந்தப் போதனை நம் இல்லங்களில் உயிரோடிருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: மாதக் கூட்டத்தில் ஆயாவுக்கு உட்கார இடம் இருக்கிறதா, அவர் பேசினால் குறிப்பேட்டில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

ஒரு கசப்பான செய்தியையும் திருச்சபையாகிய நாம் மறக்கக் கூடாது. 1964-இல் பிரான்சில் ஜான் வானியே தொடங்கிய லார்ஷ் இல்லங்கள் உலகெங்கும் பரவின. அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் வாழ்வது அவற்றின் முறை. நம் நாட்டிலும் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அவை உண்டு. வானியே 2019-இல் இறந்தார். உயிரோடிருக்கும்போதே பலரும் அவரைப் புனிதராக மதித்தார்கள். ஆனால் ஆன்மிக வழிகாட்டுதல் தேடி வந்த பெண்களிடம் அவர் பல ஆண்டுகள் முறைகேடாக நடந்துகொண்டதை, லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை 2020-இல் வெளிக்கொண்டுவந்தது. அந்த இல்லங்களில் இன்றும் நல்ல பணி நடக்கிறது. உண்மையை மூடாமல் வெளியிட்டதும் நல்ல பணியே. நமக்கு இதில் எச்சரிக்கை இருக்கிறது. கேள்வி கேட்க முடியாத ஒருவர் குழுவில் இருக்கக் கூடாது. அவர் அருள்பணியாளராக இருந்தாலும் சரி, நிறுவனராக இருந்தாலும் சரி. தாவீது சீபாவின் பேச்சை மட்டும் கேட்டதால் நேர்ந்த அநீதி, எந்தக் காலத்திலும் எந்த இல்லத்திலும் நேரலாம்.

ஆகவே, சில செயல்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, பணம். மாற்றுத்திறனாளிகள் சொத்து வைத்துக்கொள்ளவும் தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும் உரிமை உடையவர்கள் என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வரும் மாத உதவித்தொகையின் பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் யார் கையில் இருக்கின்றன? அவருக்குத் தெரியாமல் அதிலிருந்து எடுப்பவர், உறவினரே ஆனாலும், சீபாவின் வழியில் நடக்கிறார்.

இரண்டாவது, ஆலயம். பல ஆலயங்களில் சாய்தளம் கட்டியிருக்கிறோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டால், பின்னால் ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது, இறங்கும்போது ஆபத்து. கட்டும்முன் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரைக் கேட்டிருந்தால் இது நேராது. பங்குப் பேரவையில் அவரும் உறுப்பினராகட்டும். வாசகம் வாசிக்கட்டும். காணிக்கை எடுத்து வரட்டும்.

மூன்றாவது, வீட்டில் தனியாகப் பார்த்துக்கொள்கிற தாய்மார்கள். மோசே கைகளை உயர்த்தி மன்றாடிக் களைத்தபோது, ஆரோனும் கூரும் அவரைக் கல்லின்மேல் அமரவைத்து, ஆளுக்கொரு பக்கம் கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாக மகனைவிட்டு நகராத ஒரு தாய் உங்கள் அன்பியத்தில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உங்களில் இருவர் முறைவைத்து அந்த மகனோடு இருங்கள். அந்தத் தாய் திருப்பலிக்கு வரட்டும், கொஞ்சம் தூங்கவும் செய்யட்டும்.

சகோதரரே, சகோதரிகளே, மெபிபொசேத்துக்கு வீடு இருந்தது, நிலம் இருந்தது, ஆள்கள் இருந்தார்கள், அரசரின் பந்தியில் இடமும் இருந்தது. அவர் சொல்வதைக் கேட்டு ஒரு கழுதையைக் கொண்டுவந்து நிறுத்த ஒருவர் இருந்திருந்தால் போதும். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தை, யாருக்காகக் கூடுகிறீர்களோ அவர் இல்லாமல் தொடங்காதீர்கள். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, முதலில் அவரைப் பேச விடுங்கள். அவர் வாயால் பேச முடியாதவராக இருந்தால் சைகையாலோ படத்தாலோ பார்வையாலோ சொல்வதற்குக் காத்திருங்கள். அதற்கு நேரமாகும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள். நம் ஆண்டவர் அந்தப் பொறுமையை உங்களுக்குத் தருவாராக. ஆமென்.