செவிலி எங்கே?

"ஏழைக்கு எதற்கடா நாய்?" என்று கேட்கின்றனர், ஏளனம் இதழோரத்தில் நெளிய. தன் வயிற்றுக்கே வழி தேடுபவன் காப்பகத்திற்குச் சென்று, யாரோ வீசியெறிந்த குட்டியொன்றைத் தத்தெடுத்து வருவானாம். அது நோயில் விழுந்தால் ஊசிக்கும் மருந்துக்கும் ஊரெல்லாம் கடன் கேட்பானாம். இதுவா அறிவுடைமை என்கின்றனர். மற்றொரு பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழுகிறது: "மனிதன் பட்டினி கிடக்கும் நாட்டிலே நாய்க்கு வைத்தியமா?" முதற் கேள்வி மாடிவீட்டார் வாயில் பிறப்பது. இரண்டாவதோ, நம் தோழர்கள் சிலரின் வாயிலிருந்தே வருவது. ஆகவே இரண்டாவதற்கே முதலில் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாய்க்கு மறுக்கப்பட்ட மருந்துக் காசு, பசித்தவன் கலத்திலே சோறாக விழுந்ததை நாம் எங்கும் கண்டதில்லை, தோழர்களே! தெருநாயைக் கல்லால் அடிப்பவன், பிச்சை கேட்பவனைத் தழுவிக்கொள்வதில்லை. இரக்கம் என்ன, பங்கீட்டுக் கடை அரிசியா, ஒருவருக்கு அளந்தால் மற்றவருக்குக் குறைந்துவிட? மேலும் ஒன்று. நாயின் உடல்நலம் நாயோடு நின்றுவிடுவதும் அன்று. வெறிநாய்க்கடிக்கு ஆளான சிறுவனுக்கு 1885இல் பாஸ்டர் ஊசியிட்டார். 1907இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அதற்குப் பின்னும், மனிதனை அந்நோயிலிருந்து காக்கச் சிறந்த வழி நாய்களுக்குத் தடுப்பூசியிடுவதே என்று மருத்துவ உலகம் கூறிக்கொண்டிருக்கிறது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி சென்றால் நோயின் சங்கிலி அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை தன் நாய்க்குப் போடும் ஊசி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கவசம்!

புராணிகர்கள் குறுக்கிடுவர்: "எங்கள் தருமபுத்திரன், நாயில்லாத சொர்க்கம் வேண்டாமென்று சொன்னவனாயிற்றே!" சொன்னான். ஆனால் கதை எப்படி முடிகிறது? அந்த நாய் நாயல்ல, தருமதேவதை என்று முடிகிறது. நாயாகவே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கதை சொல்லவில்லை! நம் வீட்டுக் குட்டி தேவதையாக மாறப்போவதில்லை. மாறினால் சொறிநாயாக மாறும், உண்ணி மொய்க்கும், இரவெல்லாம் முனகும். பைரவர் சிலைக்கருகே நாயை நிறுத்தி மாலை சூட்டும் ஊரில், உயிருள்ள நாய் கோயில் வாசலை மிதித்தால் தீட்டு. நாயையும் கழுதையையும் சண்டாளரின் செல்வமென வகுத்து, அம்மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தியது மனுநீதி. விலங்கை இழிவென்று கூறி, அந்த இழிவை மனிதன் தலையிலும் ஏற்றிய மூளை அது. அந்த மூளையிலிருந்து நாம் இரக்கத்தைக் கற்க வேண்டியதில்லை.

பின் எங்கிருந்து கற்பது? வலியிலிருந்து. விலங்கை நடத்தும் முறைக்கு அதன் அறிவையோ பேச்சையோ அல்ல, அது படும் துன்பத்தையே அளவுகோலாகக் கொள்ளவேண்டுமென்று 1789இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார் பெந்தம் என்னும் ஆங்கில அறிஞர். கடவுளை இழுக்காமலே நிற்கக்கூடிய வாதம் அது. தத்தெடுத்தவனுக்கோ அதற்கு மேலும் ஒரு கடன் உண்டு. அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். அதுவும் வழக்காட முடியாத ஓர் உயிரிடம். அதை மீறினால் கேட்பாரில்லை. மேலே அமர்ந்து கணக்கெழுதும் சித்திரகுப்தனும் இல்லை. கணக்கெழுத எவனுமில்லாத இடத்தில்தான் பகுத்தறிவாளனின் ஒழுக்கம் உரைகல்லில் ஏறுகிறது.

நாம் பணியாற்றும் பள்ளிக்கு எதிர்த் தெருவில் அச்சகத் தொழிலாளி ஒருவர் வாழ்கிறார். அவர் மகள் நம் மாணவி. அவள் கெஞ்சியதற்காக, காப்பகத்திலிருந்து இரண்டு மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்தார். நான்காம் நாள் அது உணவை வெறுத்தது, வாந்தி எடுத்தது, ஐந்தாம் நாள் இரத்தமாகக் கழிந்தது. "முன்வினை" என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. பார்வோ என்றார் மருத்துவர். 1978இல் உலகம் அடையாளம் கண்ட நச்சுயிர் அது. காப்பகத்தில் தொற்றினாலும் சில நாள் மறைந்திருந்து, வீடு வந்தபின் முகம் காட்டும். குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி புகாமல் காத்து வந்தால் பெரும்பாலும் பிழைக்கும். விட்டுவிட்டால் பெரும்பாலும் சாகும். ஆனால் தனியார் மருத்துவமனையில் ஒரு நாள் சிகிச்சைக்கு ஆகும் தொகை, அவருடைய ஒரு நாள் கூலியைவிட அதிகம்!

மகளின் கம்மலை அடகு வைக்க எழுந்தார் அவர். "பிள்ளை காதிலிருப்பதைத் தொடாதீர்கள்" என்று தடுத்தார் அவர் மனைவி. யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும்தான். கம்மலைக் காத்த தாயைக் கல்நெஞ்சி என்போர், அடகுக் கடையின் படியை மிதித்தறியாதவர்கள். கடைசியில் குட்டியைத் துணியில் சுற்றி, இரண்டு பேருந்து மாறி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். நான்கு நாள் இப்படி அலைந்தார். மருந்துக்கு அவர் தந்தது சொற்பம், இழந்த கூலி நான்கு நாள். குட்டி பிழைத்தது. பிழைத்ததால்தான் அவர் செய்தது சரியாயிற்று என்று நாம் கூறவில்லை. செத்திருந்தாலும் அது சரியே.

அப்படியானால் கடமைக்கு எல்லை எது? வீட்டை விற்று வைத்தியம் பார் என்று எந்த நெறியும் கட்டளையிட முடியாது. பிள்ளையின் படிப்பை நிறுத்தி நாயைக் காப்பது அறமும் ஆகாது. ஆனால், முடியவில்லை என்பது வேறு, மனமில்லை என்பது வேறு. ஆறு வாரம் தொடங்கிப் பதினாறு வாரம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை போடவேண்டிய தடுப்பூசியைச் சோம்பலால் தவறவிட்டுப் பின்னர் வறுமையைக் காட்டி வாதாடுவது ஏமாற்று. நோயுற்ற நாயை இருட்டில் ஏற்றிச் சென்று அயலூர்ச் சாலையில் இறக்கிவிட்டு வருவதோ கொடுமை. பிழைக்க வழியே இல்லையெனில், மருத்துவர் கையால் வலியின்றி முடிவு தருவதும் கடமையின் ஒரு பகுதிதான். அப்போது அருகில் நிற்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடக்கூடாது. வளர்ப்பவன் விலங்கின் நலம் காக்கவேண்டும் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பசியால் வாடும்படி அதைக் கைவிடுவது குற்றம் என்றது. முதற் குற்றத்திற்கு அது வகுத்த தண்டமோ, 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! சட்டத்தை நம்பி நாய் பிழைக்காது.

அருளைக் குழந்தையாகவும், பொருளை அதனை வளர்க்கும் செவிலியாகவும் காட்டியவர் வள்ளுவர். குழந்தை குடிசையிலும் பிறக்கிறது. செவிலியோ மாளிகையை விட்டு வர மறுக்கிறாள். அதற்காகக் குடிசையில் குழந்தையே பிறக்கக்கூடாது என்பதா? பொதுப்பணம் செவிலியாக வரவேண்டும் என்பது நம் வாதம். முதல் உலகப்போரில் மனிதர் மாண்டுகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், இலண்டனில் ஏழைகள் வாழ்ந்த வைட்சாப்பலில், நிலவறை ஒன்றில், ஏழைகளின் விலங்குகளுக்கென இலவச மருத்துவமனை திறந்தார் மரியா டிக்கின் என்னும் பெண்மணி. போர் நடக்கையில் நாய்க்கு வைத்தியமா என்று அன்றும் கேட்டிருக்கலாம். அவர் தொடங்கிய பணி பி.டி.எஸ்.ஏ. என்னும் பெயரில் இன்றும் நடக்கிறது.

நமக்கு அடித்தளம் இல்லாமலில்லை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. ஊர்தோறும் மக்கள் "மாட்டாஸ்பத்திரி" என்றழைக்கும் அரசு மருந்தகங்கள் உள்ளன. ஆனால் பகலில் மட்டும் திறந்திருக்கும் மருந்தகம், கூலிக்காரனுக்குப் பாதி மூடிய மருந்தகம். நகராட்சியிலும் ஊராட்சியிலும் அமர்ந்திருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும்: நம் ஊர் மாட்டாஸ்பத்திரி வாரத்தில் இரண்டு மாலையேனும் திறந்திருக்க என்ன தடை? குட்டிகளுக்கான தடுப்பூசி அங்கே இருப்பில் உண்டா, இல்லையா? இல்லையெனில் எப்போது வரும்?