தன்மதிப்பும் தருக்கும்

1888-ஆம் ஆண்டு. ஆக்ராவிலிருந்து பிருந்தாவனத்தை நோக்கி இளந்துறவி ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பின்னாளில் சுவாமி விவேகானந்தர் என உலகம் போற்றியவர் அவரே. சாலையோரத்தில் ஒருவர் அமர்ந்து நிம்மதியாக மண்குழலில் புகைபிடிப்பதைக் கண்டார். களைத்திருந்த துறவிக்கும் சற்றுப் புகைக்கத் தோன்றியது, குழலைக் கேட்டார். அம்மனிதரோ அஞ்சி ஒதுங்கினார். தாம் துப்புரவுத் தொழில் செய்யும் குலத்தவர் என்றும், துறவி அக்குழலைத் தொடலாகாது என்றும் கூறினார். துறவியும் பேசாமல் மேலே நடந்தார்.

சிறிது தூரம் சென்றதும் உள்ளத்தில் ஒரு கேள்வி சுட்டது. குலம், குடும்பம், மானம் அனைத்தையும் துறந்ததாகச் சங்கற்பம் செய்தவன் எதற்காக விலகி வந்தான்? உடனே திரும்பிச் சென்றார். அம்மனிதர் தடுத்தும் கேளாமல், அவர் கையாலேயே குழலை நிரப்பித் தரச் செய்து, அருகில் அமர்ந்து புகைத்தார்.

இந்நிகழ்ச்சியைச் சுவாமிஜியின் கருணைக்குச் சான்றாகக் கூறுவது வழக்கம். ஆனால் இதில் சிறுமைப்பட்டவர் யார் என்று சிந்திக்க வேண்டும். சாலையோரத்தில் இருந்தவர் பிறரைத் தாழ்த்தவில்லை. தம்மைத் தாழ்வாக எண்ணும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டிருந்தார். அவரிடம் போய் ‘உன்னை நீ மதித்துக்கொள்’ என்று உபதேசிப்பது எளிது. விலகி நடந்தவரிடம் ஒட்டியிருந்த பொய்ம்மதிப்பு உதிர்வதல்லவா முதலில் நடக்க வேண்டியது?

வேதாந்தம் அபிமானம் என்று கூறுவது இப்பொய்ம்மதிப்பையே. உடல், குலம், கல்வி, பதவி ஆகியவற்றை ‘நான்’ என்று பற்றிக்கொள்வதே அது. அது நிற்பதற்குத் தனக்குக் கீழே ஒருவன் வேண்டும். தன்மதிப்புக்கு அப்படி யாரும் வேண்டியதில்லை. எல்லோரிடத்தும் உள்ள ஆன்மாவே தன்னிடத்தும் உள்ளது என்னும் உறுதியில் அது நிற்கிறது. ‘நான் எதற்கும் தகுதியற்றவன்’ என்று ஓயாமல் புலம்புவதையும் பலர் பணிவு என எண்ணுகின்றனர். அதுவும் அபிமானத்தின் மறுவடிவமே. அங்கும் சிந்தனை முழுவதும் ‘நான்’ என்பதையே சுற்றிவருகிறது. அளவுகோலும் அதே ஒப்பீடுதான்.

கட உபநிடதத்தில் வரும் நசிகேதன் வேறுவகைப்பட்டவன். பயனற்ற பசுக்களைத் தானமாக அளித்த தந்தையிடம், தன்னை யாருக்குத் தரப்போகிறார் என்று கேட்கிறான். சினந்த தந்தை, எமனுக்கு என்கிறார். பெற்றவரே அப்படிக் கூறினால் எந்தச் சிறுவனும் உடைந்துபோவான். அவனோ தன்னைத்தானே அமைதியாக எடைபோடுகிறான். பலருக்கு முன்னே நிற்பவன், பலரிடையே நடுத்தரமானவன். கடைப்பட்டவன் அல்லன் என்று காண்கிறான். எல்லாவற்றிலும் தானே முதல்வன் என்று அவன் பெருமை பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உள்ளதை உள்ளபடி கண்டதால் எமன் வீட்டு வாயிலில் மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருக்க முடிந்தது. பொன், யானை, நீண்ட ஆயுள் என்று எமன் அடுக்கிய விலைக்கெல்லாம் அவன் படியவும் இல்லை. இந்தச் சிரத்தையைத்தான் சுவாமிஜி பாரத இளைஞரிடம் மீண்டும் மீண்டும் வேண்டினார்.

பிருந்தாவனச் சாலை நிகழ்ச்சியைப் பின்னாளில் கேள்வியுற்ற நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ், புகைக்கும் ஆசையே அவரைத் திரும்பிப் போகச் செய்தது என்று கேலி செய்தார். சுவாமிஜி அதை மறுத்தார். தம்மைத் தாமே சோதித்துப் பார்க்கவே திரும்பிச் சென்றதாகக் கூறினார்.