மதிலுக்கு வெளியே வாழ்வோர்

தொழிற்சாலையின் மதிலுக்கு வெளியே குடியிருப்பவர் அந்த ஆலையோடு எவ்வித ஒப்பந்தமும் செய்துகொண்டவரல்லர். அங்கே ஊதியம் பெறுபவருமல்லர், ஆதாயத்தில் பங்குடையவருமல்லர். ஆயினும் உள்ளே ஒரு குழாய் வெடித்தால் நச்சுக் காற்றைச் சுவாசிப்போருள் அவரும் ஒருவர். திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை அடுத்து வாழும் மக்களின் நிலை இதுவே. இவர்களுக்கு நேரக்கூடிய தீங்கை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கெனக் காப்பீட்டுக் கட்டணமும் செலுத்திவிட்டால், ஆலை உரிமையாளரின் கடமை அத்துடன் தீர்ந்துவிடுமா?

காப்பீட்டை நாம் குறைகூறவில்லை. ஒரு வீட்டில் விழுந்த இடியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. சாவு வீட்டில் மொய் எழுதும் நம் ஊர் வழக்கத்திலும் இந்த அறமே ஒளிந்திருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலிலும், அடுத்த ஆண்டு டிசம்பரில் தில்லியிலும் நச்சு வாயு கசிந்தது. தில்லி வழக்கில் 1986இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்குக்கு விதிவிலக்கின்றிப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. நிறுவனம் பெரிதானால் இழப்பீடும் பெரிதாக வேண்டும் என்றும் கூறியது. பின்னர் 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் உரிமையாளர் காப்பீடு செய்வது கட்டாயமாயிற்று. பாதிக்கப்பட்டவர் யாருடைய தவற்றையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொழிலாளிக்கு 1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்கள் முன்னரே வேறு வழி வகுத்திருந்தமையால், இச்சட்டம் அவரல்லாத எவருக்கும் உரியதாயிற்று. ‘எவருக்கும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குடியுரிமை பற்றிய கேள்வி அதில் இல்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்து ஏதிலியும் அச்சொல்லுக்குள் அடங்குவார்.

இவ்வளவு நல்ல சட்டம் ஓர் உயிருக்கு முதலில் விதித்த நிவாரணம் 25,000 ரூபாய். மருத்துவச் செலவுக்கு அதிக அளவாக 12,500 ரூபாய். இது உடனடி உதவி மட்டுமே; கூடுதல் இழப்பீடு கோரி வேறு சட்டத்தின்கீழ் வழக்காடத் தடையில்லை. ஆயினும் கூலிக் குடும்பம் வழக்காடி முடிக்கும் காலம் எவ்வளவு என்பதை நாம் அறிவோம். சாலை விபத்தில் இறந்தவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் தவறு பாராமல் வழங்கிய தொகையும் முதலில் 25,000 ரூபாயாகவே இருந்தது. அது 1994இல் 50,000 ஆக உயர்த்தப்பட்டது. நச்சுக் காற்றால் இறந்தவருக்குரிய தொகையோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை. அந்நாளில் ஜி.என்.டி. சாலையில் லாரி மோதி இறந்தவர் ஒரு விலையாக இருந்தார், அச்சாலையோரத்து ஆலையின் புகையால் இறந்தவர் அதில் பாதி விலையாக இருந்தார்!

இதை வெறும் கருணைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. இதில் ஒரு பொருளாதாரக் கணக்கும் உண்டு. காப்பீட்டு நிறுவனம் தான் கொடுக்க நேரும் தொகையைக் கருதியே கட்டணம் வாங்குகிறது. கொடுக்க வேண்டியது பெரிதானால், அந்நிறுவனமே ஆலையின் கொதிகலனையும் அடைப்பான்களையும் சென்று பார்க்கும். கவனமற்ற உரிமையாளரிடம் கூடுதலாகக் கேட்கும். அரசு ஆய்வாளர் வராத நாளிலும் ஒரு காவல் இருக்கும். கொடுக்க வேண்டியது அற்பமானால் கட்டணமும் அற்பம். அப்போது பழைய குழாயை மாற்றுவதைவிடக் கட்டணம் செலுத்திவிட்டுக் காத்திருப்பது மலிவாகிவிடுகிறது. உயிரின் விலையைச் சட்டம் குறைத்து எழுதும்போது, ஆபத்தின் விலையும் குறைந்துபோகிறது.

இன்னொரு செய்தியும் நம்மை உறுத்துகிறது. உரிமையாளர் தம் கட்டணத்துக்கு இணையான தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் செலுத்த வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் 2008ஆம் ஆண்டுத் திட்டப்படி இந்நிதியை நிர்வகித்து வந்தது. 2021இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் இந்நிதி பேசப்பட்டபோது, 800 கோடி ரூபாய்க்கு மேல் பயன்படாமல் கிடந்தது. நாட்டில் விபத்துகள் நேராமையால் சேர்ந்த பணமல்ல அது. கேட்பாரில்லாமல் சேர்ந்தது.

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே எண்ணூரில், 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, உரத் தொழிற்சாலைக்குரிய கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவர் குடியிருப்புகளின் மக்கள் மூச்சுத் திணறி இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடினர். எந்த அட்டவணையிலும் அந்த ஓட்டத்துக்கு ஒரு வரி இல்லை.

விபத்து நேர்ந்ததை அறிந்ததும் மாவட்ட ஆட்சியர் அதனைச் சரிபார்த்து, நிவாரணம் கோருமாறு பொது அறிவிப்புச் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். விண்ணப்பிக்க ஐந்தாண்டுக் காலமும் தருகிறது. உருக்காலைக்குள் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளி ஒரு சட்டத்தின்கீழ் வருகிறார். மதிலுக்கு வெளியே வாடகை அறையில் அவருடைய மனைவியும் குழந்தையும் இருந்தால், அவர்கள் இச்சட்டத்தின்கீழ் வருகிறார்கள். அப்பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆட்சியரின் அறிவிப்பு எந்த மொழியில் அச்சாகும்? அதை அவருக்குப் படித்துக் காட்டி, விண்ணப்பத்தை நிரப்பித் தர நம் பங்குகளில் யார் இருக்கிறோம்?