படிகமும் அடுத்த நிறமும்



செந்நிறங் கண்டார்க்கு உள்ளம் கிளர்தலும், பசுமை கண்டார்க்கு அது குளிர்தலும் உலகத்தார் பலரும் அறிந்தனவே. புறத்தேயுள்ள நிறம் அகத்தே மகிழ்ச்சியையும் துயரையும் விளைக்குமாயின், அறிவுடைய உயிர் அறிவில்லாத நிறத்துக்கு அடிமையோ என்னும் வினா எழுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்துக் கடற்படைச் சிறையில், 1979-ஆம் ஆண்டு ஓர் அறைக்கு இளஞ்செந்நிறம் பூசினர். அதனுட் புகுந்தோர் விரைவிற் சினந்தணிந்தனர் என அறிவிக்கப்பட்டது. அச்சிறை அதிகாரிகள் இருவர் பெயரால் அது பேக்கர்-மில்லர் நிறம் என வழங்கலாயிற்று. வேறு சிறைகளும் அதனை மேற்கொண்டன. ஆயினும், சுவிட்சர்லாந்து நாட்டுச் சிறையொன்றில் அந்நிற அறையிலிருந்தோரையும் ஏனை அறையிலிருந்தோரையும் ஒப்பிட்டு 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, இருசாரார் சினத்திலும் வேறுபாடு காணப்படவில்லை என்றே முடித்தது.

அற்றேல், நிறத்துக்கு ஆற்றலே இல்லையோ எனின், அங்ஙனங் கூறுதலும் பொருந்தாது. கார்முகிலைக் கண்டு உழவன் களிக்கின்றான். வினைமேற் சென்ற கணவன் மீளாமையால் வருந்தும் மனைவி அதனையே கண்டு கலங்குகின்றாள். வெண்மை, திருநீற்றிற் காணுங்கால் தூய்மையை நினைப்பிக்கின்றது. கைம்மை பூண்டாளது ஆடையிற் காணுங்கால் துயரை நினைப்பிக்கின்றது. நிறம் ஒன்றே, கொள்ளும் மனம் வேறு. ஆகலின், நிறம் உணர்ச்சியைத் தூண்டுந் துணையேயன்றி, அதனை ஆக்கும் முதலன்று என்பது பெறப்படும்.

இனி, சித்தாந்த நூல்வழி நோக்குவாம். உண்மை விளக்கத்தில் மனவாசகங்கடந்தார் மண்ணுக்குப் பொன்மையும், நீருக்கு வெண்மையும், தீக்குச் செம்மையும், காற்றுக்குக் கருமையும், வானுக்குப் புகைநிறமும் வகுத்தோதினார். நிறம் பூதங்களைச் சார்ந்தது. அதனைக் காணுங் கண்ணும் பற்றும் மனமும் மாயையின் காரியங்கள். காணப்படுவதும் காணுங் கருவியும் சடமாயவழி, யான் களித்தேன், யான் கலங்கினேன் என உணர்வது யாது? அதுவே உயிர்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திர உதாரண வெண்பா ஒன்றிற் படிகத்தை உவமையாக எடுத்தாண்டார். படிகத்தின் அருகே செம்பரத்தம்பூவை வைத்தால் அது சிவந்து தோன்றும். பூவை அகற்றினால் அச்செம்மையும் அகலும். செம்மை படிகத்தின் இயல்பன்று. அடுத்ததன் சார்பால் வந்தது. சினமும் சோர்வும் உயிர்க்கு அத்தகையனவே. சினம் எழுந்தபோது, யானே சினம் என மயங்காது, இஃது என்னை அடுத்தது என வேறுபிரித்து உணர்தல் வேண்டும்.

உவமை முற்றும் ஒவ்வாது என்பதும் உளங்கொளத்தக்கது. படிகம் தன்னை அடுத்தது யாதென அறியாது; அதனை விட்டு விலகவும் மாட்டாது. உயிரோ அறிவிக்க அறியும். தீய சார்பை விடுத்து நற்சார்பை அடையவும் வல்லது. ஞாயிற்றின் ஒளியின்றேற் பூவும் தோன்றாது, படிகமும் விளங்காது. அவ்வாறே திருவருள் ஒளியின்றேல் உயிர் தன்னையும் அறியாது, தன்னை அடுத்ததையும் அறியாது. நிறத்தை நோக்கி நின்ற உயிர் நிறங்காட்டும் ஒளியை நோக்கித் திரும்புதலே வீட்டுநெறி.

மடங்களில் உறைவார் உடுக்குங் காவியையும் இம்முறையால் எண்ணுக. இளஞ்செந்நிறச் சுவர் சிறையிலுள்ளாரது சினத்தை மாற்ற மாட்டாமை கண்டோம். காவியும் தானே துறவைத் தந்துவிடாது. அதனை உடுக்குந்தோறும் யாம் துறந்தது யாது, பற்றியது யாது என நினைப்பார்க்கு அது நற்சார்பாம். நினையாதார்க்கு அது சாயமேயாம். ஆகலின், அன்பர்காள்! உடைக்கு ஏறிய நிறத்தினும் உள்ளத்துக்கு ஏறிய நிறத்தை நாடோறும் ஆராய்மின்; எல்லா நிறங்களையும் விளக்கி நிற்கும் ஒளியைச் சார்மின்.

திருச்சிற்றம்பலம்