ருசி அறிந்து உண்பது குற்றமா?



உண்ணும்போது ருசியில் மனத்தைச் செலுத்துவது நன்மையா, போசனப்பிரியமா? மேல்நாடுகளில் இக்காலத்தில் உண்பதையே ஒரு பயிற்சியாகச் சொல்லிக்கொடுப்பதால், இந்தப் பழைய கேள்வி புதிதாய் எழுகிறது.

1979-ம் ஆண்டு, அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில், ஜான் கபட்-ஜின் என்பவர் தீராத வலியாலும் மனநெருக்கடியாலும் வருந்தும் நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியை ஆரம்பித்தார். அது எட்டு வாரம் நடக்கும். அதில் பேர்பெற்ற பாடம், ஒரே ஓர் உலர்ந்த திராட்சையை உண்பது. அதை முதன்முதலாய்க் காண்பதுபோல் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, நாவிலிட்டு, மெல்ல மென்று விழுங்க வேண்டும். கைநிறைய அள்ளி வாயில் போடுகிறவன் அறியாத தித்திப்பும் புளிப்பும் அந்த ஒன்றில் தெரியவரும்.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் உணவின் இன்பத்தைப் பாவமென்று சொல்லவில்லை. முறைதவறிய ஆசையையே பாவமென்கிறார். மிதமிஞ்சி உண்பதோடு, அவசரமாய் உண்பதும், ஆவலோடு விழுங்குவதும், பக்குவத்தில் மட்டில்லாத நுணுக்கம் பார்ப்பதும் போசனப்பிரியத்தின் வகைகளே. அதே சமயம், இயற்கைக்குரிய இன்பத்தைக் காரணமின்றி வெறுத்துத் தள்ளுவதையும் அவர் குற்றமாகவே எண்ணுகிறார். ஆகவே கவனமின்றி விழுங்குகிறவனும் தவறலாம். கவனம் மிஞ்சி, "பக்குவம் போதாது" என்று இலையைத் தள்ளுகிறவனும் தவறலாம்.

அப்படியானால் கவனம் எங்கே போய்ச் சேரவேண்டும்? சுவிட்சர்லாந்து தேசத்து சூரிச் நகரில் 1999-ம் ஆண்டு திறந்த ஒரு போசனசாலை இதற்கு விடை தருகிறது. பெயர் பிளிண்டெகு, அவர்கள் மொழியில் கண்கட்டி விளையாட்டின் பெயர் அது. அங்கே முழு இருளில் உண்ண வேண்டும். பரிமாறுகிறவர்கள் பார்வையற்றவர்கள், அல்லது பார்வை குன்றியவர்கள். கண்ணுக்கு வேலையில்லாததால் மூக்கும் நாவும் விரலும் விழித்துக்கொள்கின்றன. அதைவிடப் பெரிய பாடமும் உண்டு. தட்டு எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவன், தனக்கு உணவு தருகிற கை ஒன்று உண்டென்று அறிகிறான். வீதியில் எவருக்கு வழிகாட்ட நினைப்பானோ, அவரே இங்கே அவனை நடத்திச் செல்கிறார்.

நாவோடு நின்றுவிடும் கவனம் தன்னலம். சமைத்த கைக்கும், அடுத்தவர் பசிக்கும் போய்ச் சேருகிற கவனமே மட்டசனம் என்னும் புண்ணியத்துக்கு அழகு.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உண்கிறவனுக்குக் குழம்பில் புளி கூடியது தெரியாது. சமைத்தவள் இன்னும் சாப்பிடவில்லை என்பதும் தெரியாது. மூன்றாம் முறை சோறு கேட்பான். அவளோ சட்டியை வழித்துப் போட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்பாள். எத்தனை வீடுகளில் இது தினசரி நடக்கிறது!

இன்று இரவு கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். சமைத்தவளையும் கூட உட்காரச் சொல்லுங்கள். முதல் கவளத்தை நிதானமாய் மெல்லுங்கள். மறுசோறு கேட்குமுன் சட்டியில் எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.