பிள்ளைகளின் நடைக்கேற்ப நடப்போம்



பள்ளி விடுமுறை வருகிறதென்றால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். ஆனால், எத்தனை வீடுகளில் அது உண்மையான விடுமுறையாய் இருக்கின்றது? காலையில் ஒரு ரியூசன் வகுப்பு, மாலையில் இன்னொன்று, இடையில் கிடைக்கும் நேரத்தைக் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகின்றது. தகப்பனுக்கு வேலை, தாய்க்கு அடுப்படி. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் ஆறுதலாய்ப் பார்க்க நேரமில்லை.

ஆதியாகமத்தின் 33ஆம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். 20 ஆண்டுகள் லாபானிடம் உழைத்த யாக்கோபு, 11 ஆண்மக்களோடும் ஒரு மகளோடும் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறார். 400 ஆட்களோடு எதிரே வந்த அண்ணன் ஏசா, பழைய பகையை மறந்து தம்பியைக் கட்டித் தழுவி, சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அழைக்கிறார். யாக்கோபு என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளைகள் இளையவர்கள், மந்தையை ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் அது மாண்டுபோகும், ஆகையால் நீர் முந்திச் செல்லும், நான் பிள்ளைகளின் நடைக்கேற்ப மெல்ல மெல்ல வருகிறேன் என்றார். வாழ்நாளெல்லாம் முந்திக்கொள்ளத் துடித்த யாக்கோபு அன்று பிந்தி நடக்கச் சம்மதித்தார். பிறக்கும்போதே அண்ணனின் குதிக்காலைப் பற்றியவர், பிள்ளைகளுக்காக அண்ணனை முன்னே போகவிட்டார்.

பிள்ளைகளை விரட்டி நடத்துவதன் வேதனை எங்கள் மக்களுக்குப் புதியதல்ல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்தே நடந்தார்கள். 2009 வரை வன்னியிலும் அதே நடைதான். பூவைப் பார்க்கவோ, கல்லைப் பொறுக்கவோ அன்று எந்தப் பிள்ளையும் நிற்க முடியவில்லை. அன்று கையைப் பிடித்து இழுத்துச் செல்லப்பட்ட சிறுவர்கள் பலர் இன்று தாய் தகப்பன்மாராக இருக்கிறார்கள். அச்சமின்றி, அவசரமின்றித் தம் பிள்ளையோடு நடப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கொடையைப் பயன்படுத்தாமல் விடலாமா?

நம் ஆண்டவர் நீர்க்கரையை நேசித்தவர். கெனேசரேத்து ஏரி ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமானது. அதன் கரையில் நடந்தபோதுதான் அவர் முதற்சீடர்களை அழைத்தார். உண்ணவும் நேரமின்றி அவர்கள் களைத்தபோது, தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி சொன்னார். உயிர்த்தபின், அதே கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, காலை உணவுக்கு அழைத்தார். உலகை மீட்க வந்தவருக்கே இதற்கு நேரம் இருந்தது. எங்களுக்கு இல்லையா?

ஏரிக்கரையைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டாம். எங்கள் ஊர்களில் குளங்களுக்குக் குறைவில்லை. மன்னார்ப் பக்கத்திலிருந்து மடுமாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள் முருங்கனுக்கு அண்மையில் கட்டுக்கரைக்குளத்தைக் காண்பார்கள். 1954ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்ட குளம் அது. வாகனத்தில் விரைந்து போகாமல், காலை வெயில் ஏறுமுன் ஒரு மணிநேரம் குளக்கட்டில் நடந்து பாருங்கள். கோடையில் தண்ணீர் வற்றி அலைகரை அகன்று கிடக்கும். மாடுகள் மேயும், கொக்குகள் அவற்றின் பின்னால் திரியும், நீர்க்காகம் பட்ட மரத்தில் இறகை விரித்து உலர்த்தும்.

அப்போது பிள்ளை கேள்வி கேட்கும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அருவியாற்றிலே தேக்கம் அணையில் மறிபட்டு, கால்வாய் வழியே குளத்துக்கு வருகிறது என்று சொல்லுங்கள். குளத்திலிருந்து துருசு வழியே வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் போய், சோறாக எங்கள் கோப்பைக்கு வருகிறது என்று காட்டுங்கள். அன்று மத்தியானம் அந்தப் பிள்ளை சொல்லும் உணவுச் செபம் வேறுவிதமாக இருக்கும். இறைவனின் கட்டளைகளைப் பற்றி வீட்டில் இருக்கும்போது மட்டுமல்ல, வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசும்படி உபாகமம் பணிப்பது இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சின்னஞ்சிறு கால்களுக்கு அரை மைல் போதும். கட்டின் முடிவுவரை போயே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எறும்பு வரிசையைக் கண்டு பிள்ளை குந்தினால், நீங்களும் குந்துங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும், இலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும் இருந்தால் போதும். துருசின் அருகில் ஆழம் இருக்கும். குளங்களில் முதலையும் உண்டு. ஆகையால் பிள்ளையின் கையை விடாதீர்கள். நீரில் இறங்க விடாதீர்கள்.

பணமில்லையே என்பீர்களா? குளக்கட்டில் நடக்கக் காசு தேவையில்லை. தகப்பன் வெளிநாட்டில் என்பீர்களா? அம்மம்மாவோ மாமாவோ கூட்டிச் செல்லட்டும். கண்டதைப் பிள்ளைகள் அன்றிரவே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். பரீட்சை இருக்கின்றதே என்பீர்களா? படிப்பு வேண்டியதுதான். ஆனால், ஓய்வும் இறைவனின் கட்டளை என்பதை மறக்கவேண்டாம். ஒரே நாள் விரட்டினாலும் மந்தை தாங்காது என்று யாக்கோபு அறிந்திருந்தார். நாங்களோ பிள்ளைகளை ஆண்டு முழுவதும் விரட்டுகிறோம்.

அன்பான பெற்றோரே, இன்று உங்கள் விரலைப் பிடித்து நடக்கும் பிள்ளை, சில ஆண்டுகளில் உங்களை முந்தி நடக்கும். பின்னர் ஒரு நாள், தளர்ந்த உங்கள் நடைக்கேற்ப அது மெதுவாய் நடக்கவேண்டி வரும். அந்தப் பொறுமையை அது எங்கே கற்றுக்கொள்ளும்? இன்று நீங்கள் அதற்காக மெதுவாய் நடக்கும் அந்தக் குளக்கட்டில்தான்.

இந்த விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது இதற்கென ஒதுக்குங்கள். காலைத் திருப்பலி கண்டு, மாலை வெயில் தணிந்ததும் குடும்பமாய்ப் புறப்படுங்கள். எருசலேமுக்குப் பாலகன் யேசுவோடு நடந்த மரியன்னையும் சூசையப்பரும் உங்கள் வழித்துணையாய் இருப்பார்களாக. ஆமென்.