மெருகும் மறைப்பும்



குற்றத்தை நீக்குதல் ஒன்று. குற்றத்தை மறைத்தல் மற்றொன்று. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே பளபளப்பைத் தரக்கூடும். அங்ஙனமாயின் இவற்றை எவ்வாறு பிரித்தறிவது? இவ்வினா எனக்கு எழுந்த இடம் மல்லேஸ்வரத்தில் ஒரு பெரியவர் வீட்டு முற்றம். அப்பொழுது என் கையில் மோட்டார் காருக்கு மெருகேற்றும் யந்திரம் இருந்தது.

1898-ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய பின்னர் மக்கள் குடியேறிப் பெருகிய பகுதி மல்லேஸ்வரம். சண்பகத்தின் பெயரால் சம்பிகே வீதியும், வேம்பின் பெயரால் மார்கோசா வீதியும் அங்கு உண்டு. மர நிழல் மனிதர்க்கு இதம். ஆயின் பிசினும் பறவை எச்சமும் காரின் மேற்பூச்சை அரிக்கும். ஆதலின் பெரியவர் தம் கருநீலக் காரை வீட்டிலேயே மெருகிட விரும்பி, ஆலையில் யந்திரம் பழகியவன் என்று என்னைத் துணைக்கு அழைத்தார்.

முதலில் வண்டியைக் கழுவ வேண்டும்; மணல் ஒட்டியிருக்க மெருகிட்டால் புதுக் கீறல்களே மிஞ்சும். 2024 மார்ச்சு மாதத்தில் நீர்ப்பஞ்சம் மிகுந்தபோது, குடிநீரால் வாகனம் கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொணரப்படும் காவிரி நீரன்றோ அது! அதனை நினைந்து, சோப்பு நீர் ஒன்றும் துணி அலச ஒன்றுமாக இரண்டு வாளியோடு நிறுத்திக்கொண்டோம்.

காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். நம் தலைமயிரின் பருமனிலும் குறைவு. மெருகு யந்திரம் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் கீறலின் அடி மட்டத்துக்கு இறக்குகின்றது. ஒவ்வொரு மெருகுக்கும் பூச்சு சிறிது செலவாகின்றது. மெழுகின் தொழில் வேறு. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு, பூச்சின்மேல் மெல்லிய போர்வையாக அமர்ந்து, நுண்கீறல்களைக் கண்ணுக்கு மறைத்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்துபோகும்.

பெரியவர் காப்பி கொண்டுவர உள்ளே சென்றார். யான் பானெட்டின் விளிம்பில் யந்திரத்தைச் சாய்த்து ஒரே இடத்தில் சற்றே நிறுத்திவிட்டேன். விளிம்புகளில் பூச்சு மெல்லியது. ஒரே அச்சில் சுழலும் யந்திரமோ நொடியில் சூடேற்றுவது. தட்டில் நீல நிறம் ஒட்டியிருக்கக் கண்டேன். கட்டைவிரல் நகமளவு இடத்தில் மேற்பூச்சு போய்விட்டது.

என் முதல் எண்ணம் யாதெனின், மெழுகு! டப்பா அருகிலேயே இருந்தது. மெழுகிட்டால் நிழலில் தெரியாது. சில வாரம் கழிந்து தெரிந்தால், வண்டி பழையதாயிற்று என்று அவர் எண்ணிக்கொள்வார். கை டப்பாவின் மூடியைத் திருகியும் விட்டது.

அக்கணம் பழைய நினைவொன்று எழுந்தது. இளமையில் யான் உழைத்த ஆலையில், இழை அறுந்த கஜங்களை உள்மடிப்பில் வைத்து, நல்ல கஜங்களை மேலே காட்டி, முத்திரையிட்டு அனுப்புவது உண்டு. கூலிக்கு அஞ்சி வாளாவிருந்தேன். "மேஸ்திரி சொன்னார், செய்தேன்" என்று பல்லாண்டுகள் என்னைத் தேற்றி வந்தேன். இம்முற்றத்தில் எனக்கு மேஸ்திரி எவருமில்லை. டப்பாவைத் திறந்த கை என்னுடையது.

பெரியவர் வந்ததும், "அண்ணா, உங்கள் வண்டியைக் கெடுத்துவிட்டேன்" என்றேன். ஓய்வுப் பணத்தில் வாங்கிய வண்டி. அவர் முகம் வாடிற்று. நெடுநேரம் தடவிப் பார்த்தபின், "வருத்தந்தான் தம்பி. வெயில் பட்டால் அடிநிறமும் போய்விடும். உடனே பூச்சு வைத்துவிடலாம். நீ சொல்லாதிருந்தால் எனக்கு இது தெரிந்தே இராது" என்றார். பூச்சுக் கூலியை யான் கொடுக்க, பாதிதான் வாங்கிக்கொண்டார்.

அன்பர்களே, மறைப்பின் தீமை இதுவே. குற்றத்தைத் திருத்திக்கொள்ளும் காலத்தை அது உரியவரிடமிருந்து திருடிவிடுகின்றது.

அப்படியானால் மெழுகிடுவதே பொய்யா என்று கேட்பீர்கள். அன்று. புதுப்பூச்சு நன்றாக உலரச் சில வாரம் விட்டு, அதே டப்பாவிலிருந்த அதே மெழுகை அதே விளிம்பில் இட்டோம். இம்முறை அடியில் இருப்பது இன்னதென்று அவர் அறிவார். அறிந்தவர்க்கு அது காப்பு. அறியாதவர்க்கு அதுவே பொய். பொருளில் வேற்றுமை இல்லை. வேற்றுமை எண்ணத்தில் இருக்கின்றது.

பகவன் புத்தர் தம் மைந்தர் இராகுலருக்குப் பொய்யாமையைப் போதித்தபோது கண்ணாடியை எடுத்துக் காட்டினார். கண்ணாடி பார்ப்பதற்கு உரியது. அவ்வாறே ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்கையிலும், செய்த பின்னும் பார்க்க வேண்டும். தவறு செய்தது தெரிந்தால் அறிவுடையோரிடம் வெளியிட வேண்டும் என்பது அதன் கருத்து. நாமோ காரைக் கண்ணாடியாக்கி, அதில் நம் தலைமயிரைச் சீவிக்கொண்டு போய்விடுகின்றோம்.

உங்கள் வீட்டில் கார் இல்லாதிருக்கலாம். ஆயினும் விற்கும் அரிசியிலும், தைக்கும் துணியிலும், எழுதும் கணக்கிலும் மெழுகு டப்பா நம் ஒவ்வொருவர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கின்றது. அதனைத் திறக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இதன் அடியில் இருப்பது உரியவருக்குத் தெரியுமா?